அழுத்தமா, நிலையா? மின்னழுத்தம், நிலையாற்றல் ஆகிய கருத்துகளின் வரலாறு (1771–1879)

ஆய்வுச் சுருக்கம்

மின்னழுத்தம், மின்னிலை ஆற்றல் ஆகிய இரு கருத்துகளும் தொடக்கநிலை இயற்பியல் நூல்களில் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தவைபோல் அறிமுகமாகின்றன. வரலாற்றில் அவை வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு தேவைகளுக்காகத் தோன்றி, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் ஒன்றோடொன்று இணைந்தன. கவெண்டிஷ், வோல்ட்டா ஆகியோரின் ஆய்வகக் கருத்து, லக்ராஞ்சு முதல் கிரீன் வரையிலான கணிதச் சார்பு, ஹெல்ம்ஹோல்ட்ஸ், ராங்கின் ஆகியோரின் ஆற்றல் கோட்பாடு ஆகிய மூன்று ஓடைகளையும் இக்கட்டுரை பின்தொடர்கிறது. அவற்றின் சுவடுகள் தமிழ்க் கலைச்சொற்களில் எவ்வாறு தங்கியுள்ளன என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மின்னழுத்தம், நிலையாற்றல், அழுத்த சக்தி, ஜார்ஜ் கிரீன், கவெண்டிஷ், அறிவியல் வரலாறு, கலைச்சொல்.

முன்னுரை

ஓரலகு நேர் மின்னூட்டத்தை முடிவிலாத் தொலைவிலிருந்து ஒரு புள்ளிக்குக் கொண்டுவரச் செய்யப்படும் வேலையே அப்புள்ளியின் மின்னழுத்தம் என்பது மேல்நிலை வகுப்பு மாணவர் மனப்பாடமாகச் சொல்லும் வரையறை. அதில் பிழை ஏதுமில்லை. ஆயினும் அதனைக் கேட்கும் மாணவர் மனத்தில் எழும் இயல்பான ஐயங்களுக்கு அந்த வரையறை விடை தருவதில்லை. முடிவிலாத் தொலைவிலிருந்து யார் கொண்டுவருகிறார்? கொண்டுவராதபோது அப்புள்ளியில் இருப்பது என்ன? வேலை என்றால் அது ஆற்றலாயிற்றே, பிறகு மின்னழுத்தத்திற்கும் நிலையாற்றலுக்கும் வேறுபாடு என்ன?

இவ்வையங்கள் மாணவரின் அறியாமையால் மட்டும் எழுபவை அல்ல. இதே ஐயங்களோடு ஐரோப்பிய அறிவியலாளர்கள் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் போராடினர். பாடநூலின் முதல் வரியாக நிற்கும் வரையறை, வரலாற்றில் இறுதியாக எட்டப்பட்ட ஒன்று. மின்னழுத்தக் கருத்தைக் கையாண்ட முதல் தலைமுறையினரிடம் ஆற்றல் அழியாமை என்னும் விதி இருக்கவில்லை. வேலை என்னும் சொல்லுக்கு இன்றுள்ள இயற்பியல் பொருளும் நிலைபெற்றிருக்கவில்லை. கோரியோலி அப்பொருளில் அச்சொல்லைத் தம் நூலில் நிறுவியது 1829இல். மின்னழுத்தச் சார்புக்குப் பெயரிட்ட நூல் அதற்கு ஓராண்டு முன்னரே அச்சாகிவிட்டது.

கவெண்டிஷ்: மின்னேற்றத்தின் அளவும் தரமும்

லண்டன் அரச கழகத்தின் இதழில் 1771இல் ஹென்றி கவெண்டிஷ் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். மின்சாரம் என்பது தன் துகள்கள் ஒன்றையொன்று விலக்கும் மீள்தன்மையுடைய பாய்மம் என்பது அவருடைய கருதுகோள். ஒரு பொருளில் இயல்பைவிட மிகுதியாகவோ குறைவாகவோ பாய்மம் இருப்பதை ஒரு சொல்லாலும், அப்பாய்மம் இயல்பைவிட மிகுதியாகவோ குறைவாகவோ நெருக்கப்பட்டிருப்பதை வேறொரு சொல்லாலும் அவர் குறித்தார். முன்னது நாம் இன்று மின்னூட்டம் என்பது. பின்னதை அவர் மின்னேற்றத் தரம் என்னும் பொருள்படும் தொடரால் வழங்கினார். மெல்லிய கம்பியால் இணைக்கப்பட்ட இரு கடத்திகள் ஒரே தரத்தைப் பெறும். அவற்றின் மின்னூட்டங்கள் சமமாக இருக்கவேண்டியதில்லை. அகன்ற தொட்டியையும் ஒடுங்கிய குழாயையும் அடியில் இணைத்தால் நீர்மட்டம் ஒன்றாகவும் நீரின் அளவு வேறாகவும் இருப்பதுபோல் இது.

இந்த வேறுபாடு எளியதாகத் தோன்றினாலும், இதுவே இப்பாடத்தின் கருவறை. மின்சாரத்தை விவரிக்க ஓர் எண் போதாது, இரண்டு வேண்டும் என்று கவெண்டிஷ் கண்டார். பின்னர் தம் வீட்டு ஆய்வகத்தில் அவர் செய்த அளவீடுகள் வியப்பூட்டுபவை. பல்வேறு வடிவக் கடத்திகள் ஒரே தரத்தில் ஏற்கும் மின்னூட்டங்களை அவர் கோளத்தோடு ஒப்பிட்டார். ஒரே விட்டமுடைய கோளம் ஏற்பதில் வட்டத்தகடு 1.57இல் ஒரு பங்கு மட்டுமே ஏற்கும் என்பது அவர் கண்ட முடிவு. இன்றைய கோட்பாடு தரும் எண் 1.571. அவர் கையில் இருந்தவை லேடன் சாடிகளும், நூலில் தொங்கிய இரு நெட்டிப் பந்துகளுமே.

இவற்றில் பெரும்பகுதியை அவர் வெளியிடவில்லை. அதற்கான காரணத்தை அவருடைய கூச்ச இயல்பில் தேடுவது வழக்கம். காரணம் எதுவாயினும், அடுத்த தலைமுறை இக்கருத்தை மீண்டும் தொடக்கத்திலிருந்தே கண்டறிய நேர்ந்தது.

இங்கு ஒன்றைச் சுட்டவேண்டும். தமிழில் வழங்கும் மின்னழுத்தம் என்னும் சொல்லில் உள்ள ‘அழுத்தம்’, நெருக்கப்பட்ட பாய்மம் என்னும் இந்தப் பழைய உருவகத்தோடு நேராகப் பொருந்துகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயப் பொறியாளர்கள் வோல்ட் அளவை மின்சாரத்தின் அழுத்தம் என்றே பேச்சிலும் எழுத்திலும் குறித்தனர். தமிழ்ச்சொல் அவ்வழக்கை அடியொற்றி அமைந்திருக்கலாம் என்பது என் ஊகம். எவ்வாறாயினும், அச்சொல் கிரீனின் கணிதச் சார்பைவிடக் கவெண்டிஷின் பாய்மத்திற்கே நெருங்கியது.

வோல்ட்டாவின் இழுவிசை

இத்தாலியில் அலெசான்ட்ரோ வோல்ட்டா இதே இடத்திற்கு வேறு வழியில் வந்தார். கடத்திகளின் கொள்திறன் பற்றி 1778இலும், மின்தேக்கி பற்றி 1782இலும் அவர் எழுதியவற்றில் மின்னூட்டம், கொள்திறன், இழுவிசை ஆகிய மூன்றும் தெளிவாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மின்னூட்டம் மாறாதிருக்கையில் கொள்திறன் குறைந்தால் இழுவிசை கூடும். மின்காட்டியின் வைக்கோல் இழைகள் விரிவது மின்னூட்டத்தின் அளவையன்று, இழுவிசையின் அளவையே காட்டுகிறது என்பதை அவர் உணர்ந்திருந்தார். அவருடைய இழுவிசை என்னும் சொல் இன்றும் பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளில் வோல்ட் அளவின் பெயராக வாழ்கிறது. செருமானிய மொழியிலும் அதே பொருளுடைய சொல்லே வழங்குகிறது. 1881இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு அலகுக்கு வோல்ட் எனப் பெயரிட்டது பொருத்தமானதே.

ஆனால் கவெண்டிஷின் தரமும் வோல்ட்டாவின் இழுவிசையும் கடத்தியின் பண்புகள். கடத்தி இல்லாத வெற்றிடத்தில் ஒரு புள்ளிக்கு இழுவிசை உண்டா என்ற வினாவே அக்கருத்துகளுக்குள் எழ முடியாது. அவ்வினா வானியலிலிருந்து வந்தது.

கணிதர்களின் சார்பு

ஈர்ப்பு விசையைக் கணக்கிடுவதில் ஒரு தொல்லை உண்டு. விசைக்குத் திசை இருப்பதால் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள் தேவை. பல பொருள்களின் விசைகளைக் கூட்டும்போது மூன்றையும் தனித்தனியே கூட்டவேண்டும். 1770களில் லக்ராஞ்சு ஓர் எளிய வழி கண்டார். ஒவ்வொரு நிறையையும் அதன் தொலைவால் வகுத்துக் கூட்டினால் ஒரே ஒரு எண் கிடைக்கிறது. புள்ளியை நகர்த்தும்போது அவ்வெண் மாறும் வீதமே அத்திசையிலுள்ள விசை. 1780களில் லாப்லாஸ் இச்சார்பு நிறையற்ற வெளியில் நிறைவு செய்யும் சமன்பாட்டைத் தந்தார். அது நிறையுள்ள இடத்தில் மாறவேண்டும் என்பதை 1813இல் புவாசோன் காட்டினார்.

இதற்கிடையே 1785இல் கூலும் தம் முறுக்குத் தராசைக் கொண்டு மின்விசையும் ஈர்ப்பைப் போலவே தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதை நிறுவியிருந்தார். விதி ஒன்றாயின் கணிதமும் ஒன்றே. புவாசோன் 1812இல் அக்கணிதத்தை மின்சாரத்திற்குப் பயன்படுத்தி, ஒன்றையொன்று தொடும் இரு கடத்திக் கோளங்களில் மின்னூட்டம் பரவும் முறையைக் கணக்கிட்டுக் கூலும் அளந்த எண்களோடு ஒப்பிட்டார். கடத்தியின் உள்ளே விசை சுழி. எனவே அச்சார்பு அங்கு மாறிலி. இந்த மாறிலி கவெண்டிஷின் மின்னேற்றத் தரமே என்பதைக் கூற அன்று யாருமில்லை. புவாசோனுக்கு அது கணக்கை எளிதாக்கும் ஒரு துணைக்கருவி மட்டுமே. அதற்குப் பெயர்கூட இல்லை.

ஆலைக்காரரின் நூல்

பெயரிட்டவர் நாட்டிங்காம் நகரை அடுத்த ஸ்னைன்டன் என்னும் ஊரில் காற்றாலை நடத்திய ஜார்ஜ் கிரீன். 1793இல் ரொட்டிக் கடைக்காரரின் மகனாகப் பிறந்த அவர் பள்ளியில் பயின்றது ஏறத்தாழ ஓராண்டே. தந்தை 1807இல் கட்டிய காற்றாலையில் மாவு அரைக்கும் வேலை அவருக்கு. நாட்டிங்காமில் சந்தாதாரர் நூலகம் ஒன்று இருந்தது. 1823இல் அதில் சேர்ந்தார். பிரெஞ்சுக் கணிதத்தை இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களே அப்போதுதான் ஏற்கத் தொடங்கியிருந்தன. அத்தகைய காலத்தில் லாப்லாசையும் புவாசோனையும் ஓர் ஆலைக்காரர் எவ்வாறு கற்றார் என்பது இன்றும் வரலாற்றாசிரியர்களை ஈர்க்கும் வினா.

1828இல் அவர் தம் முதல் நூலைச் சந்தா திரட்டி வெளியிட்டார். மின்சாரம், காந்தம் ஆகியவற்றின் கோட்பாடுகளுக்குக் கணிதப் பகுப்பாய்வைப் பயன்படுத்தல் என்பது அதன் பொருள். விலை ஏழு ஷில்லிங் ஆறு பென்சு. வாங்க ஒப்புக்கொண்டோர் ஐம்பதுக்குச் சற்று மேற்பட்டவர். பெரும்பாலோர் அந்நகர நூலகத்தின் உறுப்பினர்கள். நூலின் உள்ளடக்கம் அவர்களுள் ஒருசிலருக்கேனும் விளங்கியிருக்குமா என்பது ஐயமே.

அந்நூலில்தான் லக்ராஞ்சின் பெயரற்ற சார்பு ஆங்கிலத்தில் ‘பொட்டென்ஷியல்’ என்னும் பெயரைப் பெற்றது. பெயரைவிடப் பெரியது கிரீன் அதனை நடத்திய முறை. புவாசோன் மின்னூட்டப் பரவலிலிருந்து தொடங்கிச் சார்பை அடைந்தார். கிரீன் சார்பையே முதன்மையாக்கினார்: ஒரு பரப்பின் மீது சார்பின் மதிப்பு தெரிந்தால் அப்பரப்பு சூழ்ந்த வெளி முழுவதிலும் அதனைக் கண்டறியலாம், அதிலிருந்து மின்னூட்டத்தையும் பெறலாம். பரப்பையும் பருமனையும் இணைக்கும் அவருடைய தேற்றம் இதற்காகவே உருவானது. லேடன் சாடியின் செயலையும் இம்முறையால் அவர் விளக்கினார். கம்பியால் இணைந்த கடத்திகளில் இச்சார்பு சமமாகும் என்பதிலிருந்து ஆய்வகக் கருத்தும் கணிதக் கருத்தும் முதன்முறையாக ஒரே பக்கத்தில் சந்தித்தன எனலாம்.

ஆனால் கிரீனின் நூலில் மின்னழுத்தம் வேலையன்று, ஆற்றலுமன்று. மின்னூட்டத்தைத் தொலைவால் வகுத்துக் கூட்டிய தொகையே அது. நம் பாடநூல்கள் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, வேலையில் தொடங்கித் தொலைவால் வகுத்த சூத்திரத்தில் முடிக்கின்றன.

நூலுக்கு எதிரொலி ஏதும் எழவில்லை. சந்தாதாரருள் ஒருவரான எட்வர்டு பிராம்ஹெட் என்னும் கணித ஆர்வலர் அளித்த ஊக்கத்தால் கிரீன் தம் நாற்பதாம் வயதில், 1833இல், கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்தார். 1837இல் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். 1839இல் கல்லூரியின் ஆய்வுறுப்பினர் ஆனார். 1841 மே 31 அன்று ஊர் திரும்பியிருந்த நிலையில் இறந்தார். கார்ல் ஃபிரெடரிக் காவுஸ் 1840இல் இதே சார்புக்கு ஏறத்தாழ இதே பெயரை இட்டுப் பல தேற்றங்களை வெளியிட்டபோது கிரீனின் நூலை அறிந்திருக்கவில்லை.

நூல் மீண்டது தற்செயலாக. கேம்பிரிட்ஜ் மாணவர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, மர்ஃபி என்பவரின் எழுத்தில் கிரீனின் நூல் பற்றிய குறிப்பைப் படித்துவிட்டு அதனைத் தேடிக்கொண்டிருந்தார். எங்கும் கிடைக்கவில்லை. 1845 சனவரியில் பாரிசு புறப்படுவதற்கு முந்தைய நாள் தம் ஆசிரியர் ஹாப்கின்சிடம் அதனைப் பற்றிக் கேட்டார். ஹாப்கின்சிடமே படிகள் இருந்தன. பாரிசில் லியூவில், ஸ்டூர்ம் முதலியோர் தாங்கள் அண்மையில் கண்டறிந்ததாகக் கருதிய தேற்றங்களைப் பதினேழு ஆண்டுப் பழைய நூலொன்றில் கண்டு திகைத்தனர். தாம்சனின் முயற்சியால் அந்நூல் 1850 முதல் 1854 வரை கிரெல்லின் கணித இதழில் மூன்று பகுதிகளாக மறுபதிப்புப் பெற்றது.

ஆற்றல் நுழைதல்

1847இல் ஹெர்மான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆற்றல் அழியாமை பற்றித் தம் சிறுநூலை வெளியிட்டார். அன்றைய முதன்மை இயற்பியல் இதழ் அதனை ஏற்க மறுத்ததால் அது தனி நூலாக வந்தது. இயக்கத்தில் உள்ளதை உயிர்விசை என்றும், இருப்பிடத்தால் உள்ளதை இழுவிசைத் தொகை என்றும் அவர் பிரித்தார். பின்னதற்கு அவர் ஆண்ட செருமானியச் சொல்லும், வோல்ட் அளவைக் குறிக்கும் செருமானியச் சொல்லும் ஒரே வேரின. லேடன் சாடி வெளியேற்றும் வெப்பத்தையும் அவர் இக்கணக்கில் சேர்த்தார்.

இருப்பிடத்தால் உள்ள ஆற்றலுக்கு இன்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை 1853இல் கிளாஸ்கோவில் படித்த கட்டுரையில் ராங்கின் சூட்டினார். செயல்படும் ஆற்றல், செயல்படக் காத்திருக்கும் ஆற்றல் என்பது அவர் பகுப்பு; அரிஸ்டாட்டில் மரபில் வந்த பழைய எதிர்நிலை இது. செயல்படும் ஆற்றலுக்கு இயக்க ஆற்றல் என்னும் பெயரைத் தாம்சனும் டெய்ட்டும் 1862இல் தந்தனர். ராங்கினின் சொல்லை எல்லோரும் வரவேற்கவில்லை. காத்திருக்கும் ஆற்றல் எனப் பெயரிட்டுவிட்டால், ஆற்றல் அழியாது என்னும் பேருண்மை சொல்விளையாட்டாகிவிடும் என ஜான் ஹெர்ஷல் கருதினார். மேலே எறிந்த கல்லின் இயக்கம் மறையும்போதெல்லாம் அது ‘காத்திருக்கிறது’ என்று சொல்லிக் கணக்கை நேர்செய்துகொள்ளலாமே என்பது அவர் தடை. நான் படித்தவரை, மாணவர்கள் கேட்கத் தயங்கும் வினாவை இத்துணைத் துணிவாகக் கேட்டவர் வேறில்லை. 1867இல் ராங்கின் தம் சொல்லைக் காத்துத் தனிக்கட்டுரையே எழுதினார்.

தமிழகப் பாடநூல்கள் இதனை நிலையாற்றல் என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் அழுத்த சக்தி என்கின்றன. முன்னது ஹெல்ம்ஹோல்ட்ஸின் கருத்தைப் பின்பற்றி இருப்பிடத்தை முன்னிறுத்துகிறது. பின்னது ஆங்கிலச் சொல்லின் ஒற்றுமையைத் தமிழிலும் காத்து, மின்னழுத்தத்திற்கும் அழுத்த சக்திக்கும் உறவு காட்டுகிறது. இரண்டிலும் விலை உண்டு. தமிழக மாணவருக்கு மின்னழுத்தமும் நிலையாற்றலும் உறவினர் என்பது சொல்லிலிருந்து தெரிவதில்லை; நிலைமின்னியல் என்பதிலுள்ள ‘நிலை’ அசையாமையையும், நிலையாற்றல் என்பதிலுள்ள ‘நிலை’ இருப்பிடத்தையும் குறிப்பது கூடுதல் குழப்பம். இலங்கை மாணவருக்கோ உறவு தெரிகிறது. ஆனால் மலைமேல் இருக்கும் கல்லை எது அழுத்துகிறது என்று கேட்க இடமுண்டு.

இணைப்பு

மூன்று ஓடைகளும் கலந்தது 1850ஐ ஒட்டிய பத்தாண்டில். ஓம் 1827இல் தம் விதியை நிறுவியபோது, கம்பி நெடுகக் குறைந்துசெல்லும் ஒன்றை மின்காட்டி விசை என அழைத்தார். வெப்பம் பாய்வது பற்றிய ஃபூரியேயின் கணிதத்தை முன்மாதிரியாகக் கொண்ட அவர், அதனை மின்சாரத்தின் அடர்த்தி எனக் கருதினார். கடத்தியின் உட்புறத்தில் மின்னூட்டம் தங்காது என்னும் நிலைமின்னியல் உண்மையோடு அது முரண்பட்டது. ஓம் கூறியது அடர்த்தியன்று, கிரீனின் சார்பே என்று 1849இல் கிர்க்காஃப் காட்டியதும் மின்கல அடுக்கும் லேடன் சாடியும் ஒரே கோட்பாட்டின் கீழ் வந்தன. அதே காலத்தில் தாம்சன் மின்னழுத்தத்தை ஓரலகு மின்னூட்டத்தின் மீது செய்யப்படும் வேலையாக விளக்கினார். பாடநூலின் முதல் வரி பிறந்தது இங்குதான்.

எஞ்சியது சொற்குழப்பம். ஒரே சொல் ஓரலகிற்கான சார்பையும் மொத்த ஆற்றலையும் குறித்துவந்தது. கிளாசியஸ் 1859இல் வெளியிட்ட நூலின் தலைப்பே இவ்விரண்டையும் அருகருகே வைத்து வேறுபடுத்துகிறது. இவ்வேறுபாட்டின் அளவை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள உலோகக் கோளம் ஒன்று 1 இலட்சம் வோல்ட் மின்னழுத்தத்தில் இருப்பதாகக் கொள்வோம். அதன் மின்னூட்டம் ஒரு கூலும்பின் பத்து இலட்சத்தில் 1.1 பங்கு, ஆற்றல் 0.06 ஜூலைவிடக் குறைவு. ஒரு மகிழுந்தின் 12 வோல்ட் மின்கலம், 40 ஆம்பியர்-மணி கொள்ளளவுடையதாயின், 17 இலட்சம் ஜூலுக்கு மேல் தரவல்லது. முன்னதில் தரம் மிகுதி, அளவு சொற்பம். பின்னதில் தரம் குறைவு, அளவு பெரிது. கோளத்தின் ஆற்றலைக் கணக்கிடுகையில் மின்னூட்டத்தையும் மின்னழுத்தத்தையும் பெருக்கிப் பாதியாக்கவேண்டும். முதலில் வந்து சேர்ந்த மின்னூட்டத்தை எதிர்க்க அங்கு எதுவும் இருக்கவில்லை, இறுதியில் வந்ததே முழு மின்னழுத்தத்தையும் எதிர்கொண்டது. மின்கலத்திலோ மின்னழுத்தம் ஏறத்தாழ மாறாதிருப்பதால் இப்பாதி தேவையில்லை.

மாக்ஸ்வெல்லின் எச்சரிக்கை

மின்னழுத்தத்தை நீர்மத்தின் அழுத்தத்தோடும் வெப்பநிலையோடும் ஒப்பிட்டு விளக்கியவர்களுள் மாக்ஸ்வெல் முதன்மையானவர். அவ்வொப்புமைக்கு எல்லை வரைந்தவரும் அவரே. அழுத்தம் கூடினால் நீர்மம் மாறுகிறது. வெப்பநிலை கூடினால் பொருள் மாறுகிறது. ஒரு பொருளையும் அதன் சூழல் முழுவதையும் ஒருசேர உயர்ந்த மின்னழுத்தத்திற்குக் கொண்டுசென்றால் எதுவும் மாறுவதில்லை. ஆகவே மின்னழுத்தம் ஓர் அறிவியற் கருத்து மட்டுமே, பொருளின் இயற்பியல் நிலை என்று கொள்ள ஆதாரமில்லை என அவர் எழுதினார். ஃபாரடே 1836இல் 12 அடிப் பக்கமுள்ள கனசதுர அறையொன்றைக் கட்டி, தரையிலிருந்து காப்பிட்டு, மின்பொறிகள் வெளிப்புறமெங்கும் சிதறும் அளவுக்கு மின்னேற்றம் செய்து, தாம் உள்ளே அமர்ந்து விளக்குகளாலும் மின்காட்டிகளாலும் சோதித்தார். உள்ளே எவ்வித மின்விளைவும் தென்படவில்லை. அழுத்தம் என்னும் நம் சொல் மறைக்கும் உண்மை இது. வேறுபாட்டிற்கே விளைவு உண்டு. எனவேதான் சுழியை முடிவிலாத் தொலைவிலும் வைக்கலாம், மின்பொறியாளரைப்போல் தரையிலும் வைக்கலாம்.

மாக்ஸ்வெல் தம் இறுதி ஆண்டுகளில் பெரும் உழைப்பைச் செலவிட்டது கவெண்டிஷின் வெளியிடப்படாத கையெழுத்துப் படிகளைப் பதிப்பிப்பதில். அவற்றில் 1773ஆம் ஆண்டுச் சோதனை ஒன்று இருந்தது: இரு அரைக்கோளங்களுக்குள் ஒரு கோளத்தை வைத்துக் கம்பியால் இணைத்து மின்னேற்றி, பின்னர்ப் பிரித்து, உள்கோளத்தில் மின்னேற்றம் எஞ்சியுள்ளதா எனப் பார்ப்பது. எஞ்சவில்லை, அதிலிருந்து விதியின் அடுக்கு 2இலிருந்து ஐம்பதில் ஒரு பங்குக்குமேல் விலகாது எனக் கவெண்டிஷ் கணித்திருந்தார். கூலுமின் தராசுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முற்பட்ட சோதனை அது. கேம்பிரிட்ஜில் கவெண்டிஷின் குடும்பப்பெயர் தாங்கிய ஆய்வகத்தில் மாக்ஸ்வெல்லும் மாணவர் மக்காலிஸ்டரும் அதனை மீண்டும் செய்தனர். நெட்டிப் பந்துகளின் இடத்தில் தாம்சனின் மின்னழுத்தமானி நின்றது. இம்முறை கிடைத்த எல்லை 21,600இல் ஒரு பங்கு. பதிப்பு 1879இல் வெளிவந்தது. அவ்வாண்டு நவம்பர் 5 அன்று மாக்ஸ்வெல் மறைந்தார்.